மூன்று வாரப் புள்ளிகள்

"புள்ளியெல்லாம் எங்கே?"

"எந்தப் புள்ளி?"

"விளையாடாதீங்க. இந்த யுரேனியத் துண்டு மேல கருப்பா ஏழு புள்ளி இருந்துச்சு."

"ஓ, அந்த அழுக்கா? நேத்தே தேய்ச்சு எடுத்துட்டேன். மூஞ்சி தெரியுது பாரு."

அவள் பார்த்தாள். காற்றுப் படாமல் கையை விட்டு வேலை செய்யும் கையுறைப் பெட்டியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சட்டைப் பொத்தான் அளவு உலோகம் பளபளவென்று இருந்தது. மூன்று வாரம் ஹைட்ரஜனில் வைத்து, தினமும் எட்டி எட்டிப் பார்த்து வளர்த்த புள்ளிகள்! ஹைட்ரஜன் யுரேனியத்தை எந்த இடத்தில் அரிக்கத் தொடங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சியே. அதைக் காட்டும் படம் இல்லையென்றால் வேலை நீட்டிப்பு கிடையாது. இரண்டு மாதத்தில் சீட்டு கிழிந்துவிடும்.

தேய்த்தவர் அதே ஆய்வகத்தில் பாலிஷ் போடுகிறவர். போதாக்குறைக்கு அவள் புருஷன்.

"வீட்ல ஒரு டம்ளர் கழுவ மாட்டீங்க. இங்க மட்டும் ஊருக்கு உழைக்கிற மகராசனா?"

"இன்னிக்கு உனக்கு மைக்ராஸ்கோப் முறையாச்சே. அழுக்கோட கொண்டுபோனா உனக்குத்தானே அவமானம்னு..."

"அந்த அழுக்குதாங்க என் ஆராய்ச்சி!"

அவர் கையிலிருந்த பாலிஷ் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

துண்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொண்டு அவள் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறைக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார். அங்கே மைக்ராஸ்கோப்பை இயக்குகிறவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, காலையிலேயேவா?"

"வளர்த்து வச்ச புள்ளியைத் துடைச்சுட்டாரு அண்ணே."

"ஐயையோ. அடுத்த முறை நாலு மாசம் கழிச்சுத்தானேம்மா. இன்னிக்கு முறையை வேற யாருக்காவது கொடுத்துடவா?"

அவள் டப்பாவின் கண்ணாடி மூடி வழியே துண்டைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பாவி மனுஷன், என்னமாய்த் தேய்த்திருக்கிறார்!

"வேண்டாம். உள்ள வைங்க. புள்ளி வர்றதுக்கு முன்னாடி இந்த முகம் எப்படி இருக்கும்னு நான் படமே எடுத்ததில்ல. உலோகத்துக்குள்ள கார்பன் சேர்ந்த கார்பைடு துணுக்கு எங்கெங்க இருக்குன்னு இன்னிக்கு எடுத்துக்கறேன். மறுபடி ஹைட்ரஜன்ல வைப்பேன். புள்ளி துணுக்கு மேலயே வருதா, தள்ளி வருதான்னு ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சா தெரிஞ்சிடும்."

"சரி. ரெண்டாவது படத்துக்கு?"

"மூணு வாரம் கழிச்சு அரை நாள் கொடுங்கண்ணே. கெஞ்சிக் கேக்கறேன்."

இயக்குகிறவர் தாடையைச் சொறிந்தார். பார்வை புருஷன் பக்கம் போனது.

"பழுது பார்க்கன்னு ஒதுக்கின அரை நாள் இருக்கு. தரேன். ஆனா என்கிட்ட நாற்பது துண்டு தேய்க்காம கிடக்கு, தம்பி."

"நாற்பதா?"

"தேய்ப்பாரு," என்றாள் அவள். "தேய்க்கிறதுன்னா அவருக்கு உயிரு."

திரையில் முதல் படம் வந்தது. சாம்பல் நிறப் பரப்பில் குட்டிக் குட்டித் துணுக்குகள். அவள் எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் புருஷன்.

"என்ன?"

"மூணு வாரத்துக்குள்ள அது மேல தூசி கீசி விழுந்தா, லேசா ஒரு தடவை..."

"முதல்ல போய் ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க. சாவி ரெண்டும் என்கிட்டதான் இருக்கணும்."