ஓடை ஏறிய மேடு

மெற்றில்டாவின் ஊர் யாழ்ப்பாணம். மலை என்று பெயர் வைத்த கீரிமலையிலேயே மலை கிடையாத நாடு அது. அப்படிப்பட்டவள் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்துகொண்டு, பழைய நிலப்படங்களைப் பார்த்து மட்டையில் மலை செய்து விற்கிறாள் என்றால், கடவுளுக்கும் குறும்பு உண்டு. படத்தில் ஒரே உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவாள்.

இம்முறை வேலை மிஸஸ் ஹால்வர்சனுக்கு. லண்டனிலேயே கிழவியாகிவிட்ட அமெரிக்கக்காரி. அவர் பிறந்த மாட்டுப் பண்ணை வட டகோட்டாவில், மழை அரித்துத் தின்ற கரட்டு நிலத்துக்கு நடுவே இருந்தது. பண்ணை கைமாறிவிட்டது, அந்தக் காலத்து நில அளவைப் படம் ஒன்றுதான் மிச்சம். கண் மங்கிக்கொண்டு வருவதால், விரலால் தடவிப் பார்க்கும்படி செய்து தரச் சொல்லியிருந்தார்.

அவர் வரவிருந்த அன்று மத்தியானம் மெற்றில்டா ஓடைக்கு நீலம் பூசினாள். தூரிகை பண்ணை வீட்டைத் தாண்டி நேரே மேட்டில் ஏறியது. தண்ணீர் மேடேறுமா? பூதக்கண்ணாடியை எடுத்து மூலப்படத்தைப் பார்த்தாள். வட்டக் கோட்டின் உட்பக்கம் முழுக்கப் பொடிப்பொடிக் கீறல்கள். கீறல் இல்லாத வட்டம் மேடு, கீறல் இருந்தால் பள்ளம். தூசியென்று நினைத்து, வெட்டுவதற்கு எடுத்த நகலில் அவற்றை அழித்தவளும் அவளேதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

தேத்தண்ணியோடு வந்த கணவன் யோகலிங்கம் எட்டிப் பார்த்தான். "விடுமப்பா. சின்ன வயசில விட்டிட்டு வந்த இடம். அந்த மனிசிக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?"

"கண் தெரியாத மனிசியை ஏமாத்தச் சொல்லுறீங்களோ? என்னால ஏலாது."

கத்தியை எடுத்தாள். மேட்டைப் பிய்த்தெறிந்து, கீழ் மட்டைகளைக் குடைந்தாள். விரலெல்லாம் பசை, மேசையெல்லாம் குப்பை. வந்தவரிடம் பிழையை ஒளிக்காமல் சொன்னாள். பள்ளத்துக்கு வண்ணம் பூச நேரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னாள்.

மிஸஸ் ஹால்வர்சன் அதைக் காதில் வாங்கவில்லை. அவருடைய விரல் வீட்டிலிருந்து புறப்பட்டு, ஓடை வழியே போய், பள்ளத்தில் இறங்கி நின்றது.

பனிப்புயல் வந்தால் அப்பா மாடுகளை இங்கேதான் இறக்குவார் என்றார். ஒருமுறை தன்னையும் மாடுகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, "நான் வரும்வரை அசையாதே" என்று போனாராம்.

"வந்தாரோ?" என்று தன்னை மறந்து தமிழில் கேட்டான் யோகலிங்கம். மெற்றில்டா அதை ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வந்தார். மீசையெல்லாம் பனி" என்று கிழவி சிரித்தார். மெற்றில்டாவுக்கு மனம் நிறைந்துவிட்டது.

வெளியே காத்திருந்த டாக்சிக்காரன் இரண்டாம் தடவையும் ஹார்ன் அடித்தான். பள்ளத்தில் வைத்த விரலை எடுக்காமல் மிஸஸ் ஹால்வர்சன் அசையாதிருந்தார்.