காற்றுமானிக்குப் பின்னால் ஒரு கூடாரம்

முப்பது வருஷம் நார்வேயில், ஸ்வீடன் எல்லையில் சுங்க அதிகாரியாக இருந்தவன் நான். அந்தப் பக்கம் வாங்கிய மலிவு இறைச்சியை வண்டி இருக்கைக்கு அடியில் பதுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வருவார்கள். எவனையும் நம்பமாட்டேன். அதனால்தான் ஓய்வுபெற்றதும் எங்கள் ஊர்த் தடகளச் சங்கத்தில் காற்றின் வேகம் அளக்கும் காற்றுமானியை என் தலையில் கட்டினார்கள். நூறு மீட்டரில் முதுகுக்காற்று வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டினால் ஓடிய நேரம் செல்லாது.

அந்த ஜூன் சனிக்கிழமை எங்கள் சங்கத்து ஓட்டக்காரி தூர்டிஸுக்குக் கடைசி வாய்ப்பு. வயது இருபத்தொன்பது, மீன் ஆலையில் வேலை. ஐரோப்பியப் போட்டிக்குப் போக 11.30 வினாடிக்குள் ஓடவேண்டும். பத்து வருஷ ஓட்டத்தில் இரண்டு முறை மயிரிழையில் தவறவிட்டிருக்கிறாள். தகுதிக்கான கெடு அன்றோடு முடிந்தது.

ஓடினாள். 11.26! சனம் கத்தித் தீர்த்தது. என் மானி 1.6 காட்டியது. ஆனால் மைதானத்துக் கொடிகள் விறைத்துக்கொண்டு பறந்தன. இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று எனக்குப் பொறி தட்டியது. ஓட்டத்துக்கு முன் அவள் பயிற்சியாளன் பிரின்யுல்ஃப் என் மானி பக்கத்தில் குனிந்தானே, எதற்கு?

"ஒன் பையத் திற," என்றேன் அவனிடம்.

"யோவ் சுங்கம், ஒனக்கு மூளை கொழம்பிப் போச்சா? ஷூ நாடா கட்டக்கூட குனியக்கூடாதா?"

"திறன்னா திற."

ஒரு வாழைப்பழம், ஈரக் காலுறை. "எடுத்துக்க, வரி போடு," என்று காலுறையை என் மூக்கருகே ஆட்டினான்.

சங்கத்துக் கூடாரத்தில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி குட்னி கூப்பிட்டாள். "ஊர்வம்பு போதும், வந்து சாப்பிடுங்க. நீங்க அடிச்ச கூடாரம் பிரமாதம். இந்தக் காத்துக்கு ஒரு காகிதத் தட்டுகூடப் பறக்கல பாருங்க."

பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் வாயிலேயே நின்றுவிட்டது. காலையில் சங்கத்தார் எல்லாரும் கைகொடுத்து வேலை செய்தபோது, கூடாரத்துக்கு இடம் காட்டியது நான்தான். மழை வந்தால் நனையக்கூடாது, வாஃபிள் கைக்கு எட்டவேண்டும் என்று மானியை ஒட்டியே, காற்று வரும் பக்கமாக முளை அடித்தேன். அட முட்டாளே!

மானியைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு அப்பால் போய்ப் பிடித்தேன். 3.1. மறுபடியும் பிடித்தேன். 2.9.

யாரும் பார்க்கவில்லை. அறிக்கையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பெண்ணின் பத்து வருஷம் என் பேனா முனையில் இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு வண்டியைத் திறக்காமல் விட்டால் என்ன என்று தோன்றியது. பேனாவை எடுத்தேன்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" தூர்டிஸ் எதிரே நின்றாள்.

"போடப்போறேன்."

"கூடாரம் காத்த மறைக்குது. ஒடம்ப சூடு பண்ண ஓடினப்பவே பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கிருந்த எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இவளை மட்டும் படவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்துக்கிட்டேதான் ஓடினேன். இப்ப நீங்களே விட்டுட்டீங்கன்னா, ஆயுசுக்கும் இத நான்தான் சொமக்கணும்."

சொல்லிவிட்டுக் குனிந்து முதல் முளையைப் பிடுங்கினாள். குட்னி கரண்டியோடு ஓடிவந்து திட்டினாள். விஷயம் தெரிந்ததும் அடுத்த முளையை அவளே பிடுங்கினாள்.

நான் போய்ச் சொன்னதும் நடுவர் அந்த நேரத்தை அடித்துவிட்டு, ஐந்து மணிக்கு இன்னொரு ஓட்டம் வைத்தார். அதற்குள் காற்று தணிந்திருந்தது. தூர்டிஸ் உயிரைக் கொடுத்து ஓடினாள். 11.33.

வெறும் 0.03 வினாடி அதிகம். அவள் மூச்சு வாங்க நேராக என்னிடம் வந்தாள்.

"காத்து எவ்வளவு?"

"0.8."

"நெசமாவா?"

முப்பது வருஷம் வண்டிக்காரர்களை நான் பார்த்த அதே பார்வை. மானியை அவள் கையிலேயே கொடுத்தேன். இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.