மேஜைக்கு வராத கிரம்பிள்

என் மாமனார் சமையலறைக்குள் வந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும். ரொட்டி பேக்கரியில் மாவு மேஜை முன் நின்றே தலை நரைத்த மனிதர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அந்தக் கண் ஓயவில்லை. நான் வெங்காயம் நறுக்கினால் துண்டுகள் ஒரே அளவில் இல்லை என்பார். அடுப்பைத் துடைத்தால் துடைக்காத மூலையைக் காட்டுவார். அப்படிப்பட்டவர் அன்று காலையில் குளித்துவிட்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு வந்து, "எனக்கு ஒரு உதவி வேணும்மா" என்றார். ஆளுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

"அந்த ஆப்பிள் கிரம்பிள் எப்படிப் பண்றதுன்னு உன் போன்ல போட்டுக் காட்டு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அன்று மதியம் வாலு வருகிறாள். வாலு என்பது அவருடைய மகள், என் நாத்தனார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஊரின் மறுகோடியில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளுக்குக் கடல் கடந்து ஒரு வேலை வந்திருந்தது. மூன்று வருட ஒப்பந்தம். அந்த வேலைக்குப் போகிறாளா இல்லையா என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். "அப்பாவை ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்றேன் அண்ணி" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதை மாமாவின் காதில் போட்டதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன் மாமா. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"வளர்ந்த பொண்ணும்மா. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் தடுக்கிறது?"

ஆகவே கிரம்பிள், அதாவது பழத்தின்மேல் உதிரி மாவைத் தூவி ஓவனில் சுடுகிற இனிப்பு. சிறுமியாக இருந்தபோது வாலு யாரோ தோழி வீட்டில் அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து, அதேபோல் செய்து தரச் சொல்லி நச்சரித்திருக்கிறாள். "உதிர்ந்து விழறதெல்லாம் ஒரு பண்டமா? கையில எடுத்தா நிக்கணும்" என்று இவர் ஒவ்வொரு தடவையும் விரட்டியிருக்கிறார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எதையாவது கேட்டுக் கிடைக்காவிட்டால் "வாலு கேட்ட கிரம்பிள் மாதிரிதான்" என்று கேலி பேசுவோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் நாங்கள் சிரித்து முடிப்பதற்கு முன்பே அவள் சிரிப்பு நின்றுவிடும்.

பழ வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆப்பிளைத் தோல் சீவி, அளவெடுத்ததுபோல் நறுக்கி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு விட்டு, சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவிப் பிரட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பினார். அடுத்து மேல் தூள். குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு போட்டு மாவில் சேர்த்து, நுனி விரலால் தேய்த்துத் தேய்த்து உதிர்க்க வேண்டும். ரொட்டித் தூள்போல ஆனதும் கையை எடுத்துவிட வேண்டும். உள்ளங்கை படவே கூடாது. போனில் ஒரு பெண் இதை இரண்டு தடவை சொன்னாள். நான் மூன்றாவது தடவை சொன்னேன்.

"எனக்கா மாவைப் பத்திச் சொல்ற?" என்றார்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு பேச ஆரம்பித்தார். "அங்க குளிர் ஜாஸ்தியாமே? இவளுக்கு மார்ல சளி கட்டும். ராத்திரி ஷிப்ட் இருக்குமோ? உடம்புக்கு முடியலன்னா யாரு பார்ப்பா?" பேசப் பேச அவர் தோள் முன்னால் சாய்ந்தது. உள்ளங்கை மாவில் இறங்கியது. அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தி, இத்தனை காலம் ஆயிரக்கணக்கான ரொட்டிகளுக்குச் செய்ததை அந்தக் கை அவரைக் கேட்காமலே செய்துகொண்டிருந்தது.

"மாமா! பிசையாதீங்க!"

குனிந்து பார்த்தார். பாத்திரத்தில் வழவழவென்று ஒரு உருண்டை. ரொட்டிக்கு என்றால் யாரும் கைதட்டியிருப்பார்கள்.

"கை கேக்கலம்மா" என்றார்.

வீட்டில் வேறு வெண்ணெய் இல்லை. நான் கடைக்கு ஓடலாமென்று செருப்பைத் தேடும்போதே வாலு போன் செய்துவிட்டாள். சீக்கிரமே கிளம்பிவிட்டாளாம், பாதி வழியில் இருக்கிறாளாம். வேறு வழியில்லாமல் அவர் உருண்டையைக் கிள்ளிக் கிள்ளிப் பழத்தின்மேல் பரப்பி ஓவனுக்குள் வைத்தார். வாசனை என்னவோ வீட்டைத் தூக்கியது. வெளியே எடுத்துப் பார்த்தால், கிள்ளிப் போட்டதெல்லாம் உருகி ஒன்றாக ஒட்டி, பழத்துக்குப் பலகை அடித்து மூடியதுபோல் கிடந்தது. ரொட்டி வெந்ததா என்று தட்டிப் பார்க்கிற பழக்கத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். டொக் என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இது மேஜைக்கு வரக் கூடாது" என்றார்.

"அவ என்ன கடைக்கு வர்ற கஸ்டமரா மாமா? உங்க பொண்ணு."

"கெட்டுப்போன சரக்கை இதுவரைக்கும் ஒருத்தர் முன்னாடியும் வெச்சதில்ல. அவ முன்னாடியா வைப்பேன்?"

அழைப்பு மணி அடித்தது. நான் போய்க் கதவைத் திறந்து வாலுவோடு திரும்பினால் பாத்திரத்தைக் காணோம். சமையலறை மூலையில் இருந்த வாஷிங் மெஷினின் வட்டக் கண்ணாடி மட்டும் உள்ளுக்குள் ஆவி படிந்து வெளுத்திருந்தது.

வாலு மூக்கை உறிஞ்சினாள். அவள் முகம் அப்படியே சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. "என்னப்பா வாசனை இது? ஆப்பிளா?"

மாமா என்னைப் பார்த்த பார்வையில், மூச்சுவிட்டால் தொலைத்துவிடுவேன் என்று இருந்தது. "பக்கத்து வீட்டுல ஏதோ பண்றாங்கபோல" என்றார்.

அதோடு விட்டாரா? அலமாரியிலிருந்து கடை பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்துத் தட்டில் அடுக்கி அவள் முன்னால் வைத்தார். எங்கள் வீட்டில் அந்த பாக்கெட், மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும். சொந்த மனிதர்களுக்குக் கடை பிஸ்கட் வைப்பதை மாமா மானக்கேடாக நினைப்பார். அது என்னைவிட வாலுவுக்கு நன்றாகத் தெரியும். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தாள். இரண்டையும் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"நான் போகட்டுமாப்பா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. வாஷிங் மெஷின் பக்கம் ஒரு தடவை கண் போய்வந்தது. "உன் இஷ்டம்மா. நல்ல வேலைன்னா விடாத."

"சரிப்பா."

நானாவது சொல்லியிருக்க வேண்டும். தொட்டதற்கெல்லாம் எகிறுகிற என் வாய், அன்றைக்கென்று பார்த்துப் பூட்டிக்கொண்டது. அந்த மனிதரை மகள் முன்னால் சிறுமைப்படுத்த மனம் வரவில்லை. என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அவள் கிளம்பினாள்.

கதவைச் சாத்தியதுதான் தாமதம், மெஷினைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த பாத்திரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "பார்த்துக்கிட்டே இருங்க உங்க சரக்கை! அவ மூஞ்சி வாடினதைப் பார்த்தீங்களா? பிஸ்கட் வெச்சு அனுப்புனீங்களே, அவ என்ன மீட்டர் பார்க்கவா வந்தா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "போனைப் போடும்மா" என்றார்.

வாலு பஸ்ஸில் இருந்தாள். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். மாவைப் பிசைந்தது, பலகையானது, ஒளித்து வைத்தது எல்லாம்.

"அந்த வாசனை எனக்காகத்தான்னு முதல்ல நினைச்சேன் அண்ணி. அப்புறம் அந்தத் தட்டைப் பார்த்தேன். ஸ்டாப்ல நிக்கும்போதே வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். டிக்கெட்டே போட்டுட்டாங்க. நாளைக்கு ராத்திரி."

"மாத்த முடியாதாடி?"

"முடியலாம். ஆனா குடுத்த வாக்கை இனிமே மாத்த மனசு வராது அண்ணி. அரை மணி முன்னாடி தெரிஞ்சிருந்தா போகட்டுமான்னு கேட்டிருக்கவே மாட்டேன்."

போனை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கனமான பொருளைப்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பிசைஞ்சுட்டேன்மா" என்றார்.

"இறுகிப்போனா என்னப்பா? கடிச்சுத் தின்னிருப்பேனே." அவள் சிரிக்க முயன்றது எனக்கே கேட்டது. "எத்தனை நாள் தாங்கும் அது? நான் வர்ற வரைக்கும் வெச்சிருப்பீங்களா?"

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பார். சரக்கைப் பற்றி இவருக்குப் பொய் சொல்ல வராது.

"நாளைக்கே நமுத்துடும்மா" என்றார்.

"அப்போ நீங்க சாப்பிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

அவர் கரண்டியின் பின்பக்கத்தால் மேலே ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பலகை உடைந்து ஆவி வந்தது. ஒரு துண்டும் கொஞ்சம் பழமும் எடுத்துத் தின்றார். இன்னொரு கரண்டி எடுத்து என்னிடம் நீட்டினார். மேலே கடிக்கப் பல் வலித்தது. அடியில் பழம் குழைந்து, இனிப்பும் புளிப்பும் சரியாகச் சேர்ந்து, அவ்வளவு நன்றாக இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார்.

"நல்லாத்தானே இருக்கு? அவ முன்னாடி வெச்சிருக்கலாம்."