மாமாவின் கோபம்

என் மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டாரே தவிர, குரலை விடவில்லை. பேப்பரில் எந்தச் செய்தி வந்தாலும் கடைசி சீட் வரை கேட்கும்படிதான் படிப்பார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மேனேஜர் என்னைப் போனில் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, ஹாலிலிருந்து இவர், "யாரும்மா அவன், லீவு நாள்ல கூப்பிட்டுத் திட்றான்?" என்றார். மேனேஜருக்கு அது தெளிவாகவே கேட்டது. போனை வைத்ததும் வெடித்தேன்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன், மாமா!"

மூடிக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. எது கேட்டாலும் தலையாட்டல்தான். தட்டில் வைத்ததைத் தொடாமல், பாலில் பன்னை ஊறவைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தச் சாத்திய கதவைப் பார்த்ததும் எனக்கும் ஏறிவிட்டது. அவருக்கு அவ்வளவு வீம்பு என்றால் எனக்கு மட்டும் குறைச்சலா என்ன? நானும் பேசவில்லை.

புதன்கிழமை காலையில் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, வந்து கூட்டிட்டுப் போன்னு அப்பா மெசேஜ் அனுப்பியிருக்காரு. கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாரு. அப்படி என்ன சொன்னீங்க அவரை?"

மத்தியானம் வருகிறாளாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மாமனாரை விரட்டியவள் என்ற பெயர் இனி என் ஆயுசுக்கும் போகாது.

இந்த அழகில் டாய்லெட் வேறு அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாகத் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விளிம்பு வரை ஏறி நின்றுவிட்டது. வீட்டில் இருப்பதே ஒன்றுதான். வேலைக்குப் போயிருந்த கணவரைக் கூப்பிட்டேன். "பிளம்பர் நாளைக்குத்தான் வருவாராம். நீ எதையும் நோண்டாத," என்றார். அவருக்கென்ன, தங்கச்சிக்குப் பதில் சொல்லப் போவது நான்தானே.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டேன். பழைய மக்கால் தண்ணீரைப் பாதி மொண்டு வாளியில் ஊற்றினேன். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து வெந்நீர் விட்டுக் காத்திருந்தேன். அசையவில்லை. குச்சியில் மாட்டிய ரப்பர் கிண்ணத்தை வைத்துத் தோள் கழன்றுபோகும் வரை அமுக்கினேன். குடகுடவென்று சத்தம் வந்ததே ஒழிய வேறொன்றும் வரவில்லை.

"போறவர் போற போக்குல இதையும் அடைச்சு வச்சிட்டுத்தான் போகணுமா!" என்று கத்தினேன். அவர் அறைக்குக் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

துணி மாட்டும் கம்பி ஹாங்கர் ஒன்றை நீட்டி, நுனியைக் கொக்கியாக வளைத்தேன். கையில் இரண்டு பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு, கம்பியை உள்ளே விட்டுத் துழாவினேன். எதிலோ மாட்டியது. இழுத்தேன். ஊறிப்போன காகிதமும் மயிருமாகப் பந்துபோல ஒன்று வந்தது. நடுவில் ரோஸ் நிறத்தில் ஏதோ தெரிந்தது. சோப்புப் பெட்டியாக இருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

பல் செட். மேல் வரிசை.

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊறவைத்த பன், தலையாட்டல், எடுக்காத போன் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்த மனுஷன் கோபமாகவே இல்லை. பசியோடு இருந்திருக்கிறார்.

நிமிர்ந்தால், வாசற்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"தும்மல் வந்துச்சும்மா. உள்ள விழுந்துடுச்சு. பதட்டத்துல தண்ணியத் திறந்துட்டேன்." பாதி காற்றாகத்தான் வந்தது. பஸ் முழுக்கக் கேட்ட குரல், எதிரில் இருந்த எனக்கே கேட்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, மாமா?"

அவர் தரையைப் பார்த்தார். "உனக்கு ஏற்கெனவே கோபம். மகள்னா சொல்லிடலாம்னு தோணுச்சு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வீட்டில் அவருக்கு மூன்று வேளையும் சோறு போடுகிறவள் நான். பல் விழுந்ததைச் சொல்லக்கூட அவர் ஊரிலிருந்து ஆளை வரவழைக்க வேண்டியிருக்கிறது.

காலிங் பெல் அடித்தது. அவரே போய்த் திறந்தார். கவர் கட்டிய கையோடு பின்னால் போய் நின்றேன். நாத்தனார் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இப்பவாவது சொல்லுங்க அண்ணி. என்ன சொன்னீங்க?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மாமா பொத்தியிருந்த கையை எடுத்து, மகளிடம் வெறும் ஈறைக் காட்டினார்.

"அவ ஒண்ணும் சொல்லலம்மா. என் பல்லுதான் டாய்லெட்ல விழுந்துடுச்சு. பாவம், அவளே கையை விட்டு எடுத்தா. நான் எங்கயும் வரல, இங்கயே இருக்கேன்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "நல்லவேளை அண்ணி, நான் என்னென்னமோ நினைச்சிட்டேன்," என்றாள்.

மாமா என்னை இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கை கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.