வாசலில் நின்றவர்

மகாவலி பெருகி வந்து வழிமறித்தாலும் ராஜலிங்கம் மாஸ்டரின் பேச்சு நிற்காது. எண்பத்துநாலில், கண்டிக்குக் கிட்ட திகனப் பக்கம் பாலம் கட்ட வந்த நாலு சீனப் பொறியியலாளர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு சொல்லுக்கு ஒன்பது கதை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

அந்த வாரம் பரபரப்புச் சொற்கள். எக்சைட்டட் என்றால் வரப்போவதை நினைத்துக் கால் தரையில் பாவாது, த்ரில்ட் என்றால் வந்து சேர்ந்த சந்தோசத்தில் உடம்பே புல்லரிக்கும் என்று துள்ளித் துள்ளிக் காட்டினார்.

உதாரணம் வேண்டுமே! போன வருசம் தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரத்தை இழுத்தார். தீப்பந்தத்தோடு முந்நூறு பேர் வந்தார்களாம். பலசரக்குக்காரர் ஹலீமின் கடைவாசலில் இவர் தனியாளாக நின்று போட்ட சத்தத்தில் ஹந்தான மலையே ஆடிப்போனதாம். "வாசலில் நின்றவர் ராஜலிங்கம்" என்று பலகையில் இங்கிலீஷில் எழுதியும் விட்டார்.

"ஹவ் எக்சைட்டிங்!" என்றார் நால்வரில் ஒருவரான லின்.

உண்மையில் மாஸ்டரைத் தேடி வந்தவர்கள் முப்பது பேர். வாசலில் நின்று கல்லடி வாங்கியவர் ஹலீம். மாஸ்டர் பின்னறையில், வெங்காயச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தார்.

சனிக்கிழமைகளில் மாணவர்கள் ஊராள் ஒருவரை வகுப்புக்குக் கூட்டிவந்து, புதுச் சொற்களால் கேள்வி கேட்க வேண்டும். அது மாஸ்டரே போட்ட சட்டம். அந்தச் சனிக்கிழமை லின் கூட்டிவந்தது ஹலீமை!

"மிஸ்டர் ஹலீம், எங்கள் ஆசிரியர் அவர்களை விரட்டியபோது நீங்கள் த்ரில்ட் ஆனீர்களா?" என்று லின் இங்கிலீஷில் கேட்டார்.

பலகையில் இன்னும் அழியாமலிருந்த அந்த வரியை ஹலீம் பார்த்தார். புருவத்துத் தழும்பைத் தடவினார்.

"எஸ், எஸ். வெரி த்ரில்ட். மாஸ்டர் வெரி பிரேவ்!"

நால்வரும் கைதட்டினார்கள். மாஸ்டருக்கு முகம் அடுப்பாய் எரிந்தது. அந்தச் சாக்குகளுக்குள்ளேயே திரும்பப் போய்ப் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஹலீம் நானா, ஏன் இப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று அண்ணனைக் கேட்பதுபோல மாஸ்டர் தமிழில் கேட்டார்.

"வுடுங்க மாஸ்டர். படிக்கிற புள்ளைகள் முன்னுக்கு உங்கள நான் கொறைக்கவா?"

மாஸ்டரின் கண் கலங்கியது. அன்றைக்கென்றால் வெங்காயத்தைச் சாட்டியிருக்கலாம். உள்ளங்கையால் தன் பெயரை அழித்து, ஹலீம் என்று எழுதினார்.

"அப்படியானால் நீங்கள் எங்கே நின்றீர்கள்?" என்று கேட்டார் லின்.

அதையும் கீழே எழுதினார்: "ராஜலிங்கம் வெங்காயச் சாக்குக்கு அடியில்."

நால்வரும் சிரிக்கவில்லை. குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.