ஒற்றையாள் சுரங்கத்தில் இரண்டு சார்ஜன்ட்

எல்லைக் குன்றின் வயிற்றுக்குள் இருந்த காவல் அறைக்குப் போக ஒரே ஒரு சுரங்கம்தான் உண்டு. அதைத் தோண்டிய இன்ஜினியர் தன் தோள் அகலத்தையே அளவாக வைத்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த அளவு அது. திறப்பு விழாவுக்குள் மாமியார் வீட்டுச் சாப்பாடு வேலையைக் காட்டிவிட்டதால், ரிப்பனை வெட்டிவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். உள்ளே எலிகள்கூட ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். நடுவில் ஒன்றுக்குத் தும்மல் வந்தால் கடைசி எலி வரைக்கும் நின்று காத்திருக்கும்.

அந்தச் சுரங்கத்தின் நடுவில் சார்ஜன்ட் கொக்கு நின்றுகொண்டிருந்தார். ஆள் நெட்டை, தாழ்ந்த கூரை கழுத்தை மடக்கி மடக்கி வாங்கித் தந்த பெயர் அது. காவல் முறை முடிந்து, பெட்டியும் கையுமாக முகாமுக்குப் போகிற வழி. சட்டைப் பையில் லீவுச் சீட்டு. வீட்டில் மகள் பிறந்திருந்தாள். அவர் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எதிரே, காவலை ஏற்க வந்துகொண்டிருந்தார் சார்ஜன்ட் இஸ்திரி. அவர் சட்டை மடிப்பில் காய் நறுக்கலாம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். ஸ்திரீ என்று சொல்ல நாக்கு வராதவன் எவனோ கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது என்பார்கள் வேறு சிலர். இருவரும் ஒரே நாளில் பதவி உயர்வு பெற்றவர்கள். இருவர் கைப்பட்டையையும் ஒரே தையல்காரர் ஒரே துணியில் வெட்டினார்.

வம்பு அங்கேதான். சுரங்கத்தில் இருவர் எதிர்ப்பட்டால் பதவியில் இளையவர் பின்வாங்க வேண்டும் என்பது பழைய விதி. அன்று காலை புது உத்தரவு வந்தது. இனி ஆண்களும் பெண்களும் மாறி மாறிக் காவல் இருப்பார்கள்; மணி அடித்ததும் இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள்; ஒருவருக்காக மற்றவர் காத்திருந்தால் அது சலுகை, சலுகை குற்றம். இவர்கள் நடந்துகொண்டிருக்கும்போது எல்லையை யார் பார்ப்பது என்று உத்தரவில் எழுதவில்லை.

"நான் பின்னால போயிடறேன், நீங்க வாங்க," என்றார் கொக்கு.

"ஏன், நான் பொம்பளைங்கறதாலயா?"

"ஐயையோ, லீவு அவசரங்க."

"என் எடத்துல ஒரு ஆம்பளை வந்திருந்தா விட்டிருப்பீங்களா?"

கொக்குக்குப் பொய் வராது. "மாட்டேன். முட்டித் தள்ளியிருப்பேன்."

"அப்ப என்னையும் தள்ளுங்க."

"அப்புறம் என்னைப் பிடிச்சு உள்ள தள்ளுவாங்க. சரி, நீங்கதான் கொஞ்சம் பின்னால போங்களேன்."

"முதல் நாளே பின்வாங்கிட்டாளான்னு மெஸ்ஸுல சிரிப்பாங்க. எனக்குப் பின்னாடி சேர வர்ற பொண்ணுங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"இல்ல தங்கச்சி..."

"தங்கச்சியா? அப்ப நீங்க மூத்தவரா?"

"சரி அக்கா."

"பாத்தீங்களா, இப்ப விட்டுக்குடுக்கறீங்க. வேணாம்."

அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி. எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒருவர் மேலே ஏறினார், ஒருவர் கீழே இறங்கினார். இவ்வளவு பழைய மொழியில் இரண்டு சார்ஜன்ட் சேர்ந்து உட்கார ஒரு பெஞ்சு இல்லையே என்று கொக்கு நொந்துகொண்டார்.

ஒருவர் படுத்துக்கொண்டால் மற்றவர் தாண்டிப் போகலாம் என்று தோன்றியது. யார் படுப்பது? இருவரும் சரிசமமாகப் படுத்தார்கள். தாண்டுவதற்கு ஆள் இல்லை. சுவர் இரண்டு தோளையும் இறுக்கியது. கொக்கு விட்ட மூச்சை அவரே திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. எழுந்து, சுவரில் தொங்கிய டெலிபோனில் கேப்டனைக் கூப்பிட்டார்.

கேப்டன் நியாயஸ்தர். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பின்னால போங்க. யாருக்கும் குறையில்ல."

போனார்கள். முனையைத் தொட்டதும் மணி அடித்தது. கிளம்பினார்கள். அதே இடத்தில் அதே விளக்கின் கீழ் முட்டிக்கொண்டார்கள். மறுபடியும் போனார்கள், மறுபடியும் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் எலிகளெல்லாம் சல்யூட் அடித்ததாகக் கொக்கு பிற்பாடு சொன்னார். அது மிகை. ஓர் எலிதான் அடித்தது.

கொக்குக்குப் பொறுமை போயிற்று. போனைப் பிடித்துக் கத்தினார். "இதுக்கு ஒண்ணு செய்யலாம் சார்! என் லீவை அவங்க எடுத்துக்கிட்டு அப்படியே திரும்பிப் போகட்டும். அவங்க டியூட்டியை நான் எடுத்துக்கிட்டு இப்படியே திரும்பிப் போறேன். யாரும் யாருக்கும் வழி விட வேணாம், போதுமா?"

கிண்டல் மேலிடத்தில் செலாவணி ஆகாத காசு என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"பிரமாதம்யா!" என்றார் கேப்டன். "இதையே ஆர்டராப் போட்டுடறேன்."

"சார், நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

லைன் போய்விட்டது.

இஸ்திரி லீவுச் சீட்டை வாங்கி விளக்கில் காட்டிப் படித்தார். "பிள்ளை பெற்ற மனைவியையும் குழந்தையையும் கவனித்துக்கொள்ளன்னு போட்டிருக்கு. உங்க வீடு எங்க?"

"அதெல்லாம் எதுக்குங்க? நீங்க உங்க வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க."

"லீவு எதுக்கோ அதைத்தான் செய்யணும். உங்க டியூட்டியை அரைகுறையாச் செய்ய நான் வரல சார்ஜன்ட்."

அவர் பூட்ஸ் சத்தம் வெளிச்சத்துப் பக்கம் தேய்ந்துகொண்டே போனது. கொக்கு திரும்ப முயன்றார். பெட்டி சுவரில் சிக்கியது. அதைத் தலைக்கு மேல் தூக்கித் திருப்பி, வந்த வழியே நடந்தார்.

காவல் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளவு. அதற்கு அந்தப் பக்கம் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை. பாறை எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவர் அதைப் பார்த்தார், அது அவரைப் பார்த்தது. சில நாள் கழித்து எக்ஸ்சேஞ்சில் இருந்த புண்ணியவான் ஒருவர் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்தார்.

"நீங்க வரலைன்னதும் ஒரு மூச்சு அழுதேங்க," என்றாள் மனைவி. "இப்பப் பரவால்ல. துணி தோய்க்கறது, பாப்பாவுக்கு வெந்நீர் வைக்கறது எல்லாமே சார்ஜன்ட்தான். பாப்பா முழிச்சா ஒரு தடவை அவங்க, ஒரு தடவை நான். மாப்பிள்ளை வந்திருந்தா இதெல்லாம் செய்வாரான்னு அம்மா கேக்கறாங்க."

"ஏன், செய்ய மாட்டேனா?"

"போன லீவுல குடிச்ச டம்ளரைக் கழுவி வச்சீங்களா?"

கொக்கு பிளவு வழியே பாறையைப் பார்த்தார். அங்கிருந்தும் உதவி வரவில்லை.

"அவங்க எப்பத் திரும்பி வராங்க? அவங்க வந்தாத்தானே நான் இங்கேருந்து கிளம்ப முடியும்?"

"பாப்பா தலை நிக்கற வரைக்கும் லீவை நீட்டச் சொல்லி எழுதிப் போட்டிருக்கோம். நானும் கையெழுத்துப் போட்டேன்."

அவர் கழுத்து இன்னும் கொஞ்சம் மடங்கியது. "பாப்பா என்ன பண்றா?"

"சார்ஜன்ட் மடியில தூங்கறா. எழுப்பட்டுமா?"

"வேணாம், வேணாம். போனை மட்டும் அவ பக்கத்துல வை."

ஏதோ உரசியது. பிறகு மூச்சு கேட்டது, சீராக. அது மகளுடையதா சார்ஜன்ட்டுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.