விதைக் கடையில் நின்ற கடல்

அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகிற சாலையில், காசிநாதனின் விதைக் கடைக்குள் புகுந்த வெள்ளம் இன்றுவரை வெளியே வரவில்லை. கதவு திறந்தேதான் இருக்கிறது. தண்ணீர் நிலைப்படியோடு நின்றுவிட்டது, நிறுத்திவைத்த கண்ணாடிபோல. வெளியே நின்று கையை நீட்டினால் முழங்கைவரை நனையும். சாலையில் ஒரு சொட்டு விழாது. முதல் வருடம் அதைப் பார்ப்பதற்காக பஸ்ஸை நிறுத்தினார்கள். இப்போது அப்படி யாரும் நிறுத்துவதில்லை. 'கடல் கடை' என்று கேட்டால் கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழித்துத் தருகிறார்.

கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், இரண்டுக்கும் ஒரே கூரை. மக்காச்சோள விதை, பருத்தி விதை, பூச்சிமருந்து விற்றார்கள். கடை நடந்தது காசிநாதனின் மனைவி பாக்யலட்சுமியால்; அவன் லோடு இறக்கப் போவான், மற்ற நேரங்களில் அவள் சொன்னதைச் செய்வான். பாக்யலட்சுமி வேப்பந்தட்டைக்காரி, என் தங்கை. மலையடிவாரத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள் என்பதால் தானாக வருகிற தண்ணீர்மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கல்யாணமாகி வந்த சில வருடங்களில் மருதையாறு கரை தாண்டி, எதிர்வீட்டு அமாவாசையின் வீட்டில் இடுப்பளவு நின்றது. பேங்கில் வீட்டுக் கடனோடு சேர்த்துக் கொடுத்த இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று அவன் தைரியமாக இருந்தான். அது கட்டடத்துக்கு மட்டும் எடுத்தது. கட்டில், பீரோ, நெல் மூட்டை, தையல் மெஷின் எல்லாம் போயிருந்தன. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

"செவுத்த வெச்சு சோறு திங்க முடியுமா?" என்று பாக்யலட்சுமி கேட்டாள். பெரம்பலூரிலிருந்து ஏஜென்டை வரவழைத்து, கட்டடத்துக்குத் தனியாக, கடைச் சரக்குக்குத் தனியாக, வீட்டுச் சாமானுக்குத் தனியாகப் பாலிசி எடுத்தாள். கடைப் பாலிசியோடு தனக்கு விபத்துக் காப்பும் சேர்த்துக்கொண்டாள். வெள்ளம் என்கிற சொல் எங்கே இருக்கிறது என்று ஏஜென்டை விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். சரக்கின் மதிப்பைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும் என்று அவர் யோசனை சொன்னபோது, "கொறச்சுப் போட்டா நஷ்டத்தையும் கொறச்சுத்தானே குடுப்பீங்க, நான் என்ன கேனச்சியா?" என்றாள். வருடா வருடம் ஆடிப்பெருக்குக்குள் புதுப்பித்துவிடுவாள். பக்கத்து இட்லிக் கடை வீரம்மாள், "ஊர்ல பொம்பளைங்க ஆத்துக்கு மஞ்சக் கயிறு போடறாளுவோ, இவ பிரீமியம் போடறா" என்று சிரிப்பாள்.

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் கடைக்கால் தோண்டினாலும் கல்லாய்ப்போன சிப்பிகள் வரும். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. பாக்யலட்சுமிக்கு மட்டும் அது அதிசயமாக இருந்தது. கடை கட்டியபோது சுண்ணாம்புக்கல் குவாரி மண்ணிலிருந்து நல்ல சிப்பிகளாகப் பொறுக்கி, கொத்தனாரிடம் கொடுத்து, நிலைப்படி சிமென்டில் வரிசையாகப் பதிக்கவைத்தாள். விதை வாங்க வந்தவர்கள் எல்லாரும் அதை மிதித்துத்தான் உள்ளே போனார்கள்.

நாலு வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. சின்ன வெங்காயம் கிலோ எண்பதுக்கு ஏறியது. காசிநாதன் தார்ப்பாய் வாங்க டவுனுக்குப் போயிருந்த காலைநேரத்தில், தண்ணீர் பின்கட்டு வழியாக வந்து, அடுப்படியைக் கடந்து, கடைக்குள் புகுந்தது. அவன் திரும்பியபோது சாலையில் தண்ணீர் வடிந்து சேறுதான் கிடந்தது. அவன் கட்டடத்துக்குள் மட்டும் மார்பளவு நின்றது. பாக்யலட்சுமி விதைப் பைகளை மேல்தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்த நிலையிலேயே, தட்டின்மேல் ஒரு கையும் தண்ணீருக்குள் தலையும் சாய்ந்து, கண் திறந்தபடி இருந்தாள். உயிர் இல்லை என்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அமாவாசை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே காலை வைக்கப்போனான். காசிநாதன் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, பாலிசியில் அச்சடித்திருந்த நம்பருக்கு போன் போட்டான். மனைவி சொல்லிவைத்தது அது: வெள்ளம் வந்தால் முதலில் போன்.

போனில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். நஷ்டத்தைக் கணக்கெடுக்கிற சர்வேயர் வந்து பார்க்கிறவரை எதையும் எடுக்கக்கூடாது, நகர்த்தக்கூடாது, தண்ணீரை இறைக்கக்கூடாது என்றாள். "உள்ள என் சம்சாரம் இருக்காங்கம்மா" என்றான் காசிநாதன். "சார், அதுக்கு வேற நம்பர். நீங்க இருக்கறத இருக்கற எடத்துல வெச்சு போட்டோ எடுத்துக்குங்க" என்றாள் அவள். அவன் எடுத்தான். கடையின் நாலு மூலையும் விழுகிற மாதிரி எடுத்தான்.

"என்னாண்ண, செத்தவளத் தூக்கறதுக்கும் சர்வேயர் உத்தரவு வேணுமா?" என்றான் அமாவாசை.

"ஒரு நாளுதான்டா. அவ பாத்துப் பாத்துக் கட்டுன பாலிசி. நம்ம கால வெச்சுக் கெடுத்தோம்னா அவளே மன்னிக்க மாட்டா."

"பொணத்துக்குப் போட்டோ புடிச்சுட்டு வாசல்ல காவல் உக்காந்தவன நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று வீரம்மாள் எல்லாருக்கும் கேட்கிறபடி சொன்னாள். பிறகு அவனுக்கு இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

சர்வேயர் மறுநாள் வரவில்லை. மாவட்டம் முழுக்க வெள்ளம். பெரம்பலூரில் தொடங்கி, குரும்பலூர் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவார் என்றார்கள். காசிநாதன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அது ஆற்றுத் தண்ணீர்தான். மண் கலங்கி, பூச்சிமருந்து நெடியோடு இருந்தது. அவன் காத்திருந்த நாட்களில் அது தெளிந்தது. பிறகு கரித்தது. பிறகு காலையிலும் மாலையிலும் ஏறி இறங்கத் தொடங்கியது. நிலைப்படியில் பதித்திருந்த கல் சிப்பிகள் ஒரு காலையில் வாயைத் திறந்து மூடின. கடலைப் பார்த்தேயிராத வீரம்மாள், ஏதோ கெட்டுப்போன வாசனை என்று சாம்பிராணி போட்டாள். பிணம் மட்டும் கெடவில்லை.

பாலம் உடைந்திருந்ததால் வேப்பந்தட்டையிலிருந்து நாங்கள் சுற்றி வந்து சேர வெகுநாளாகிவிட்டது. அதற்குள் காசிநாதனே பொறுக்க முடியாமல், யார் தடுத்தாலும் சரி என்று அமாவாசையோடு உள்ளே இறங்கிப் பார்த்திருந்தான். முதல் நாள் தரை இருந்த இடத்தில் தரை இல்லை. நீச்சல் தெரிந்த அமாவாசை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூழ்கி, மூக்கில் ரத்தம் வழிய மேலே வந்தான். தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் தங்கள் கயிற்றையெல்லாம் முடிச்சுப் போட்டு இறக்கியும் அடி தட்டவில்லை. வாசலிலிருந்து பார்த்தால் பாக்யலட்சுமி ஆறடி தள்ளித்தான் நின்றாள். அவள் காதிலிருந்த தோடு தெரிந்தது. எங்கள் அம்மா போட்டுவிட்ட தோடு. நீந்திப் போகிறவர்களுக்கு அந்த ஆறடி முடியவேயில்லை.

சர்வேயர் தமிழழகன் கார்த்திகை கடைசியில் வந்தார். மரியாதையான மனிதர். வாசலில் ஷூவைக் கழற்றிவைத்தார், பாக்யலட்சுமியைப் பார்த்துக் கும்பிட்டார், வீரம்மாள் கொடுத்த டீயைக் குடித்தார். பிறகு தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வெகுநேரம் எழுதினார்.

"இது கடல்ங்க."

"சார், வந்தப்ப ஆத்துத் தண்ணி. மருதையாத்துத் தண்ணி."

"நான் பாக்கறப்ப என்னவோ அதத்தானே எழுத முடியும். வெள்ளம்னா வரும், வடியும். இது வந்த மாரி தெரியலயே, இருந்த மாரியில்ல இருக்கு." குனிந்து நிலைப்படிச் சிப்பிகளைப் படம் எடுத்தார். "இத யாரு பதிச்சது?"

"எஞ் சம்சாரந்தாங்க. ஆசைக்கு."

"அப்ப இந்த எடத்துல கடல் இருந்தது அவங்களுக்குத் தெரியும். பாலிசி எடுக்கறப்ப சொல்லல."

"ஊருக்கே தெரியும் சார் அது. பள்ளிக்கூடத்துலயே சொல்லித் தராங்களே."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதாங்க. நீங்க எழுதிக் குடுத்துருக்கணும்" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டார். ஏன் முதல் நாளே தண்ணீரை இறைக்கவில்லை என்று போகிறபோது கேட்டார். நஷ்டத்தைக் குறைக்க முயற்சி எடுப்பது பாலிசிதாரரின் கடமை என்றும் சொன்னார். அவர் கார் போன பிறகு, காசிநாதன் அந்தக் கேள்வியைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான், மனப்பாடம் செய்கிறவன்போல.

தை மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. அன்றைக்கே அமாவாசையின் டீசல் எஞ்சினை வைத்து இறைத்தார்கள். எஞ்சின் ராப்பகலாக ஓடியது. சாலையோர வேம்புகள் இலை உதிர்த்து நின்றன, வாய்க்கால் வழியாகப் போன உப்பில் இரண்டு காணி மக்காச்சோளம் வெளுத்துச் செத்தது, கடைக்குள் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. பயிர் போனவர்கள் தடியோடு வந்தார்கள். "ஒம் பொண்டாட்டிக்கு நாங்க பட்டினி கெடக்கணுமாடா?" என்று கேட்டு, எஞ்சினை அணைத்து, காசிநாதனைக் கன்னத்தில் இரண்டு அறை அறைந்துவிட்டுப் போனார்கள். அறைந்தவர்களில் ஒருவர் அவள் கடையில் பத்து வருடம் கடனுக்கு விதை வாங்கியவர்.

கோடையில் பாக்யலட்சுமி கல்லாகத் தொடங்கினாள். கூந்தல் முதலில், பிறகு கழுத்து, பிறகு தட்டைப் பிடித்திருந்த விரல்கள். கல்லாகி முடிந்ததும், அதுவரை யாராலும் எட்ட முடியாத அவளிடமிருந்து ஒரு துண்டு தானாக உடைந்து படியில் ஒதுங்கியது. சுண்டுவிரல். கொள்ளி வைக்க அதுவாவது கிடைத்ததே என்று நாங்கள் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். விறகு எரிந்து அடங்கிய பிறகு அது சூடாகக் கிடந்தது, அவ்வளவுதான். வெளியூரிலிருந்து பாறைகளை ஆராய்கிற இரண்டு பேர் வந்து அதை வாங்கிப் போய், பத்துக் கோடி வருடத்துக்கு முந்தையது என்று எழுதிக் கொடுத்தார்கள். காசிநாதன் கையில் வேறு இறப்புச் சான்று எதுவும் இல்லாததால், அதையே இணைத்து விபத்துக் காப்புக்கு மனுப் போட்டான். பதில் சீக்கிரமே வந்தது. காப்பீடு தொடங்கிய தேதிக்கு முன்பே மரணம் நிகழ்ந்திருப்பதால் தொகை வழங்க இயலாது என்று இருந்தது. கீழே, தங்கள் இழப்புக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் என்றும் இருந்தது. கடிதத்தைப் படித்துச் சொன்னது நான்தான். "பத்துக் கோடி வருசமா செத்துக் கெடக்கறா. நான் ஒரு நாள் காக்க வெச்சதா பெருசு, மச்சான்?" என்று காசிநாதன் கேட்டான். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனான்.

அதற்குள் அவன் வாசலில் டீக்கடை போட்டிருந்தான். கல்லாய் நிற்கிறவளைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு டீ வேண்டியிருந்தது. பாலிசி இன்னும் நடப்பில் இருக்கிறது. அவள் பேங்கில் எழுதிக் கொடுத்துவைத்தபடி, ஆடி பிறந்ததும் பிரீமியம் தானாகப் போய்விடுகிறது. கடல் நீங்கலாக என்று ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறார்கள். கடைத்தெருவில் இப்போது எல்லாரும் நிலைப்படியையும் சுவரையும் கொத்தி, சிப்பிகளை எடுத்துவிட்டுத்தான் பாலிசி எடுக்கிறார்கள். வீரம்மாள் உப்பு வாங்குவதை நிறுத்திவிட்டாள். காலையில் ஒரு சொம்பு மொண்டு, மாவில் ஊற்றிக் கரைக்கிறாள். இட்லி முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்கள்.

பொங்கலுக்கு நான் சீர் கொண்டுபோகிறேன். மஞ்சள், கரும்பு, வெல்லம், ஒரு சேலை. "இந்த வருசம் என்னா கலரு மச்சான்?" என்று காசிநாதன் பிரித்துப் பார்ப்பான். நிலைப்படியில் வைத்தால், மாலையில் தண்ணீர் ஏறி எடுத்துக்கொண்டு போகும். போன வருடத்துச் சேலை அந்த இடத்தில் ஒதுங்கியிருக்கும், மடிப்புக் கலையாமல், கரையிலுள்ள கட்டங்கள்கூடத் தெரிய, கல்லாக. அதன்மேல் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். மூன்று சேர்ந்திருக்கிறது. காசிநாதன் அவற்றை டீக்கடை வாசலில் வரிசையாகப் போட்டிருக்கிறான். வெயிலிலும் குளிர்ச்சியாக இருப்பதால் குவாரி லாரிக்காரர்கள் வேறெங்கும் உட்காருவதில்லை. இடம் இருந்தால் நானும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு எழுந்து போவேன்.